பான்டோவுக்குப் போனால் கத்தலாமா? – வாசகர் கேள்வி பதில்

டிசம்பர் வந்தாலே, பெரும்பாலும் இங்கிலாந்தில் இருக்கும் வாசகர்களிடமிருந்து, பான்டமைம் (சுருக்கமாக பான்டோ) என்ற குடும்ப நகைச்சுவை நாடகம் பற்றிக் கேள்விகள் வந்துவிடும். இந்த முறை வந்ததில் ஐந்தை ஒன்றாக எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊர் அமெச்சூர் நாடகக் குழுவுக்குப் பதினொரு வருடம் உடை தைத்தவள் நான், அதனால் சில பதில்கள் நீளும்.

கேள்வி: என் ஒன்பது வயது மகளை ஊர் நாடகக் குழுவின் பான்டமைமில் சேர்த்திருக்கிறார்கள். ஞாயிறுதோறும் ஒத்திகை. மாமியார் ஊரிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் "அது சர்ச் நாடகமா?" என்று கேட்கிறார். – வாசகி, லெஸ்டர்

சர்ச் நாடகம் இல்லை என்று அத்தையிடம் தைரியமாகச் சொல்லுங்கள். இயேசு பிறப்பைக் காட்டுவது நேட்டிவிட்டி நாடகம், அது வேறு. பான்டோவில் வருவது சிண்ட்ரெல்லா, அலாவுதீன், ஜாக்கும் அவரைக்கொடியும் மாதிரியான கதைகள், அதில் பாட்டு, ஆட்டம், கோமாளித்தனம், உள்ளூர்க்காரர்களைக் கிண்டல் பண்ணும் வசனம் எல்லாம் கலந்திருக்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் போடுவது பழக்கம், ஆனால் ஊர்க் குழுக்கள் பலவும் ஜனவரியிலோ பிப்ரவரியிலோதான் போடும்.

மாமியாரைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது குழந்தைகளுக்கான விதிகள். இங்கே பிள்ளைகளை மேடையேற்றச் சட்டம் இருக்கிறது. எத்தனை நாள் நடிக்கிறாள் என்பதைப் பொறுத்து கவுன்சிலின் அனுமதி தேவைப்படலாம், பெற்றோர் பக்கத்தில் இல்லாதபோது கவுன்சில் அங்கீகரித்த சாப்பரோன், அதாவது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர், இருக்க வேண்டும், ஒரு சாப்பரோன் அதிகபட்சம் 12 பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொள்ளலாம். யார் பொறுப்பு என்று குழுவிடம் கேளுங்கள். நல்ல குழு என்றால் கேட்டதற்குக் கோபித்துக்கொள்ளாது.

கேள்வி: போன வருடம் குடும்பத்தோடு போனோம். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் மேடையைப் பார்த்துக் கத்தினார்கள், வில்லன் வந்தால் ஊளையிட்டார்கள். நாங்கள் நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாங்களும் கத்தலாமா? – வாசகர், ரெடிங்

கத்தலாமா என்ன, கத்தித்தான் ஆக வேண்டும்! நாடகத்தில் பாதி வசனம் உங்களுடையது, அதை நம்பித்தான் எழுதியே இருக்கிறார்கள். பேய் வரும் பெஞ்சுக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு பேர் காட்டுக்குள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பயம் தெரியாமலிருக்கப் பாடுவார்கள், பின்னால் பேய் வந்து நிற்கும், பிள்ளைகள் "ஹீஸ் பிஹைண்ட் யூ!" என்று அலற, இவர்கள் எழுந்து பெஞ்சைச் சுற்றி வருவார்கள், பேயும் கூடவே சுற்றும், அதனால் யார் கண்ணிலும் படாது. மறுபடி பாட்டு, மறுபடி பேய், ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். கடைசியில் டேம், அதாவது ஆண் நடிகர் போடும் அம்மா வேடம், மட்டும் மிச்சம். அவள் திரும்பிப் பேயை நேருக்கு நேர் பார்ப்பாள், பேய் அவள் முகத்தைப் பார்த்துப் பயந்து ஓடிவிடும். இதில் நடிகர்கள் ஒவ்வொரு இடத்திலும் உங்கள் சத்தத்துக்காகக் காத்து நிற்கிறார்கள். பகலெல்லாம் பாடம் நடத்தியோ பிளம்பிங் வேலை பார்த்தோ விட்டு வந்து சம்பளமில்லாமல் நடிப்பவர்கள். முப்பது பேர் மட்டும் வந்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை அரங்கம் அமைதியாகவே இருந்துவிட்டது, அன்று திரைக்குப் பின்னால் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, எனக்கு இன்னும் அது மறக்கவில்லை.

சரி, எப்போது கத்துவது? மரபுப்படி வில்லன் மேடையின் இடது பக்கத்திலிருந்து வருவான், நல்ல தேவதை வலது பக்கத்திலிருந்து. இடதும் வலதும் நடிகர் நிற்கும் நிலையிலிருந்து சொல்வது, அதனால் உங்களுக்கு வில்லன் வலப்பக்கம். அவன் தலை தெரிந்ததுமே "பூ" என்று ஊளையிடலாம். அவன் "ஓ யெஸ் இட் இஸ்!" என்றால் நீங்கள் "ஓ நோ இட் இஸின்ட்!" என்று திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டும் போதும்.

கேள்வி: அம்மா வேடத்தில் ஏன் ஒரு பெரிய மாமா வருகிறார் என்று என் மகன் கேட்கிறான். – வாசகி, கோவென்ட்ரி

அவர்தான் டேம், பான்டோவின் உயிர். நம் ஸ்திரீ பார்ட்டோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். ஸ்திரீ பார்ட் நடிகர் பெண்ணென்றே நம்ப வைக்கப் பாடுபடுவார், டேமோ பாவாடைக்குள் இருப்பது ஆண் என்பதை ஒரு நிமிடம்கூட மறக்க விடமாட்டார், சிரிப்பே அதில்தான். 1880களின் கடைசியிலிருந்து லண்டன் டுரூரி லேன் அரங்கில் டான் லீனோ என்ற நகைச்சுவை நடிகர் வருடாவருடம் இந்த வேடம் கட்டிப் பெரும்புகழ் பெற்றார். கதாநாயகன் வேடத்தைப் பெண் போடுவதும் பழைய மரபு, இப்போது குறைந்து வருகிறது. 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவே திரையில் நடித்ததை ஏற்றுக்கொண்ட நமக்கு இது புதிதில்லை என்று மகனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பான்டமைம் என்றால் பேசாமல் நடிப்பதுதானே? – வாசகர், திருச்சி

ஒரு காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் ரிச் என்பவர் லண்டனில் ஹார்லக்வின் என்ற குறும்புக்கார வேலைக்காரன் வேடத்தில் வாய் திறக்காமலே ஆடிக் கூட்டம் சேர்த்தார். அப்புறம் 1837இல் இறந்த ஜோசப் கிரிமால்டி கோமாளியை நாடகத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தார். அப்போதெல்லாம் வசன நாடகம் போடும் உரிமை லண்டனில் ஓரிரு அரங்குகளிடமே இருந்தது. 1843இல் சட்டம் மாறியபின் மற்ற அரங்குகளிலும் பேச்சு தாராளமாக வந்துவிட்டது.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் குழுவில் சேரக் கூப்பிடுகிறார். மேடை பயம், என் ஆங்கில உச்சரிப்பும் ஒரு மாதிரி. – வாசகி, ஸ்விண்டன்

போங்கள். பான்டோவில் வரும் பசு வேஷத்துக்குள் இரண்டு ஆள் வேண்டும், பின்கால் ஆளுக்கு உச்சரிப்பே தேவையில்லை! மேடையே வேண்டாம் என்றால் செட்டுக்குப் பெயின்ட் அடிக்க, டிக்கெட் கிழிக்க, இடைவேளையில் ஐஸ்கிரீம் விற்க எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். பல குழுக்களுக்கு பான்டோ வசூல்தான் வருடம் முழுக்க மற்ற நாடகங்களைத் தாங்குகிறது, அதனால் நீங்கள் தைத்துக்கொடுக்கும் ஒரு பாவாடைக்கும் அங்கே மரியாதை உண்டு. நான் போய்ச் சேர்ந்தபோது எனக்கு அங்கே யாரையும் தெரியாது, மூன்றாவது ஒத்திகையில் ஒருவர் டேமின் ஜாக்கெட்டை நீட்டி "இதைக் கொஞ்சம் பிரித்துத் தைக்க முடியுமா?" என்று கேட்டார், அன்றிலிருந்து அது என் குழு.

ஒத்திகையில் ஒன்று மட்டும் பார்த்துத் திகைக்காதீர்கள். முடிவில் எல்லோரும் வரிசையாக நின்று சொல்லும் எதுகைப் பாட்டின் கடைசி இரண்டு வரியைச் சொல்லாமலே கலைந்துவிடுவார்கள். முன்கூட்டிச் சொன்னால் நாடகத்துக்கு ஆகாது என்று நம்பிக்கை. முதல் நாள் இரவு அரங்கில் ஆள் உட்கார்ந்த பிறகுதான் அந்த வரிகளை நீங்களே முதல்முறையாகக் கேட்பீர்கள்.