கூடுவாஞ்சேரிக்குப் போகலாமா? – கடிதம்

வணக்கம் சார்,

உங்கள் தளத்தை நாலைந்து வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. இலக்கியக் கேள்வி இல்லை, மன்னிக்கவும். ஊரப்பாக்கத்தில் இருப்பதாக நீங்கள் அடிக்கடி எழுதுவீர்கள், அந்தத் தைரியத்தில் கேட்கிறேன்.

நாங்கள் மேற்கு மாம்பலத்தில் 24,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். எனக்கு நுங்கம்பாக்கத்தில் வேலை, கணவருக்குச் சிறுசேரியில். மகளுக்கு ஐந்து வயது, வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்பு. மாமனாரும் எங்களோடு இருக்கிறார். தாம்பரம் தாண்டி, கூடுவாஞ்சேரியில் 58 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறோம். பக்கத்திலேயே நல்ல சிபிஎஸ்இ பள்ளி இருக்கிறதாம், வேன் வாசலுக்கு வருமாம். கணவர் எக்ஸெலில் ஒரு அட்டவணை போட்டிருக்கிறார், இத்துடன் இணைத்திருக்கிறேன். அதைப் பார்த்தால் போவதுதான் சரி என்று வருகிறது. எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லவும் தெரியவில்லை. இது பயமா, மாம்பலம் பழகிவிட்டதால் வரும் பிடிவாதமா?

ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்

*

அன்புள்ள வாசகிக்கு,

மன்னிப்பெல்லாம் எதற்கு? எனக்கு வரும் கேள்விகளில் பதில் சொல்ல எனக்கு உண்மையிலேயே தகுதி இருப்பது இந்த மாதிரிக் கேள்விக்குத்தான். 2009இல் கோடம்பாக்கத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஊரப்பாக்கம் வந்தோம். அப்போது நானும் ஒரு கணக்குப் போட்டேன், ஒரு பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில். உங்கள் கணவருடைய அட்டவணையைப் பார்த்ததும் அந்தப் பக்கம்தான் நினைவுக்கு வந்தது. அவர் என்னைவிட ஒழுங்கானவர். மாதத் தவணை 39,000, பள்ளிக் கட்டணம், வேன் கட்டணம், பராமரிப்புச் செலவு, எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருக்கிறார். கூட்டல் கழித்தலில் தப்பே இல்லை.

முதலில் ரயில். 'கூடுவாஞ்சேரி – நுங்கம்பாக்கம் 55 நிமிடம்' என்று இருக்கிறது. அது ரயிலுக்கு ஆகும் நேரம். உங்களுக்கு ஆகும் நேரம் வேறு. வீட்டுக் கதவைப் பூட்டி, லிஃப்டுக்கு நின்று, ஷேர் ஆட்டோ பிடித்து, படியேறி இறங்கி, நடைமேடையில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931இலேயே வந்துவிட்டது. இன்றைக்கும் அந்தத் தடத்தில் ஓடும் வண்டிகளில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு போகிறவை குறைவு. மாம்பலத்தில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, ஏனென்றால் உங்களுக்கு எந்த வண்டி வந்தாலும் சரிதான். தாம்பரம் தாண்டிய பிறகுதான் ஒரு வண்டியைத் தவறவிடுவது என்றால் என்ன என்று புரியும். சாயங்காலம் ஆறரை மணிக்கு நுங்கம்பாக்கத்தில் நிற்பீர்கள். தாம்பரம், மறுபடி தாம்பரம் என்று வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். பிறகு செங்கல்பட்டு வண்டி வரும்போது லேடீஸ் பெட்டிப் படிக்கட்டு வரைக்கும் ஆட்கள். 2025 ஏப்ரலில் ஏசி வண்டி விட்டார்கள், சுகமாகத்தான் இருக்கிறது. சாதாரண வண்டியில் 5 ரூபாயில் தொடங்கும் டிக்கெட் அதில் 35 ரூபாயில் தொடங்குகிறது, தினமும் ஏற முடியாது.

என் அனுபவத்தில், ஊரப்பாக்கத்து வீட்டு வாசலிலிருந்து நுங்கம்பாக்கத்து மேசை வரைக்கும் ஒன்றே முக்கால் மணி நேரம். கூடுவாஞ்சேரி அதற்கும் அடுத்த ஸ்டேஷன். இப்போது உங்களுக்கு அரை மணி நேரம் ஆகுமா?

கணவருடைய கட்டத்தையும் பார்த்தேன். மாம்பலத்திலிருந்து சிறுசேரிக்கு ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) வழியாகப் போகிறார். கூடுவாஞ்சேரியிலிருந்து போனால் வண்டலூர் – கேளம்பாக்கம் சாலை, இல்லையென்றால் நெல்லிக்குப்பம் சாலை. தூரத்தில் பெரிய வித்தியாசம் வராது, சிக்னல்கூடக் குறையும். அவர் அட்டவணை பொய் சொல்லவில்லை, அவருக்கு இது நல்ல பேரம். இதைச் சண்டை மூட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவரும் இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன், வணக்கம் சார்.

சாலையைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். தென்மாவட்டத்துக்குப் போகிறவர்களுக்கு எங்கள் ஊர் வாசலாகிவிட்டது. எனக்கு மதுரை போவது சுலபம், மயிலாப்பூர் போவது கஷ்டம். வெள்ளிக்கிழமை சாயங்காலமும் தீபாவளி, பொங்கலுக்கு முந்தின நாளும் ஜிஎஸ்டி சாலையில் எதையும் திட்டமிடாதீர்கள். தரகர் 'மெட்ரோ வந்துவிடும்' என்று சொல்லியிருப்பார். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை 15.46 கிலோமீட்டர் திட்டம் இருப்பது உண்மைதான். வரும்போது வரட்டும். அதற்கு இன்றைக்கே சதுர அடிக்கு விலை கொடுக்க வேண்டாம்.

சரி, பள்ளிக்கூடம். இதில்தான் நான் ஏமாந்தேன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

என் மகனை ஒரு பெரிய பள்ளியில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர். ஏழு கிலோமீட்டர்தானே, இருபது நிமிடம் என்று டைரியில் எழுதியிருந்தேன். வேன் அவனை ஏற்றியது காலை ஆறு நாற்பதுக்கு. எங்கள் தெரு அந்த வேனுக்கு முதல் நிறுத்தம். அதற்கப்புறம் ஐந்து நகர்கள், ஒவ்வொரு நகரிலும் இரண்டு மூன்று பிள்ளைகள், ஒருவனுடைய டை கிடைக்கவில்லை, ஒருத்தி இன்னும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். பள்ளியில் இறங்க எட்டு ஆகிவிடும். திரும்பும்போது முதலில் ஏறியவனை முதலில் இறக்குவார்கள் என்று நினைத்தோம். அதுவும் இல்லை, சாயங்காலம் வேறு சுற்று. ஆறு வயதுப் பையன் தினமும் இரண்டரை மணி நேரம் வேனில் இருந்தான். ஒருநாள் வகுப்பு ஆசிரியை டைரியில் எழுதி அனுப்பினார், பிள்ளை மூன்றாவது பீரியடில் தூங்குகிறான், இரவில் சீக்கிரம் படுக்க வையுங்கள் என்று. எட்டரைக்கே படுக்க வைத்துக்கொண்டிருந்தோம். அதற்கு மேல் எங்கே சீக்கிரம்?

2012 ஜூலையில் முடிச்சூர் பக்கம் ஒரு பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புக் குழந்தை கீழே விழுந்து இறந்துபோனாள். அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. இப்போது ஆண்டுதோறும் பள்ளி திறப்பதற்கு முன் வாகனங்களை வரிசையாக நிறுத்திச் சோதிக்கிறார்கள். அந்தச் செய்தி வந்த அன்று நாங்கள் இருவரும் வாசலில் நின்று வேனுக்குக் காத்திருந்தது நினைவிருக்கிறது. மறு வருடம் அவனை வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிட நடையில் இருந்த அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாற்றினோம். கட்டிடம் சுமார்தான். நீச்சல்குளம் கிடையாது, ரோபோ கிடையாது. மூன்றரைக்கு வீட்டில் இருப்பான், நாலு மணிக்குச் சைக்கிளோடு தெருவில்.

இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 விழுக்காடு இடங்களுக்கு எல்கேஜியிலோ ஒன்றாம் வகுப்பிலோ சேர்க்க, தமிழ்நாட்டில் வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். விதி எழுதியவருக்குச் சின்னப் பிள்ளையின் கால் எவ்வளவு தூரம் நடக்கும் என்று தெரிந்திருக்கிறது. கட்டணம் கட்டிச் சேர்க்கும் நாம்தான் அதை மறந்துவிடுகிறோம்.

சிபிஎஸ்இயா ஸ்டேட் போர்டா என்ற விவாதத்துக்குள் நான் வரவில்லை. ஒன்றாம் வகுப்புக்கு அது அவ்வளவு பெரிய கேள்வியா என்பதே எனக்குச் சந்தேகம். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அட்மிஷன் அறையில் எதையும் கேட்காதீர்கள், அங்கே எல்லாமே பதினைந்து நிமிடம்தான். ஒரு திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அந்த ஃபிளாட் வாசலில் போய் நில்லுங்கள். வேன் ஓட்டும் அண்ணனிடம், முதல் பிள்ளையை எத்தனை மணிக்கு ஏற்றுகிறீர்கள், கடைசிப் பிள்ளையை எத்தனை மணிக்கு இறக்குகிறீர்கள் என்று கேளுங்கள். அவர் உண்மையைச் சொல்வார். அவருக்கு உங்களிடம் விற்க ஒன்றும் இல்லை.

இன்னொன்று. பகல் பதினோரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வருகிறது, பாப்பாவுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று. நீங்கள் நுங்கம்பாக்கத்தில், அவர் சிறுசேரியில். யார் போவது? அட்டவணையில் இதற்குக் கட்டம் இல்லை. இப்போது மாம்பலத்தில் யார் போகிறார்கள் என்று நான் ஊகிக்கிறேன். செருப்பை மாட்டிக்கொண்டு உங்கள் மாமனார் போகிறார்.

அவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே வரிதான் இருக்கிறது. அட்டவணையில் அதுவும் இல்லை. அவர் சாயங்காலம் எங்கே போகிறாரோ எனக்குத் தெரியாது. நூலகமோ, அயோத்தியா மண்டபமோ, ஆரிய கவுடா சாலையில் ஏதாவது ஒரு காபிக் கடையோ. எங்கே போனாலும் நடந்துதான் போகிறார், வழியில் நாலு பேர் அவரிடம் பேசுகிறார்கள். என் அம்மா கோடம்பாக்கத்தில் தினமும் மூன்று தடவை வெளியே போவார். கீரைக்கு ஒரு தடவை, கோயிலுக்கு ஒரு தடவை, பூக்காரியோடு சண்டை போட ஒரு தடவை. ஊரப்பாக்கம் வந்தபோது அவருக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். எங்கள் நகரில் நடைபாதை கிடையாது, இரவில் விளக்கு பாதிதான் எரியும், செங்கல் லாரி, நாய்கள். ஆறு வருடம் கழித்து அவர் போன பிறகு சாமான்களை ஒழுங்கு செய்தபோது அந்தச் செருப்பை எடுத்தேன். அடியில் கம்பெனி முத்திரைகூட அழியவில்லை. என் மனைவி, அவருக்கு முட்டி வலி, எங்கே இருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்பாள். இருக்கலாம்.

தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் படகில் ஆட்களை மீட்டார்கள். எங்கள் தெருவில் முழங்கால் அளவு, மூன்று நாள் கரண்ட் இல்லை. 2019 கோடையில் அதே தெருவில் தண்ணீர் லாரிக்குப் பதிவு செய்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்தோம். ஆகவே ஃபிளாட்டைப் பார்க்கப் போகும்போது பக்கத்து டீக்கடையில் டீ சொல்லிவிட்டு, '2015இல் இங்கே எதுவரைக்கும் வந்துச்சு?' என்று கேளுங்கள். பக்கத்து வீடுகளின் வாசல்படி எத்தனை என்று பாருங்கள், பட்டவர்கள் உயர்த்திக் கட்டியிருப்பார்கள். போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுங்கள். பாதாளச் சாக்கடை இருக்கிறதா, செப்டிக் டேங்க் லாரி மாதம் எத்தனை தடவை வருகிறது என்று அசோசியேஷன் ஆளிடம் கேளுங்கள். பராமரிப்புச் செலவு என்று அட்டவணையில் போட்டிருக்கும் தொகை கோடையில் அப்படியே நிற்காது.

இவ்வளவு சொல்லிவிட்டு நான் ஏன் இன்னும் இங்கேயே இருக்கிறேன் என்று கேட்பீர்கள். எனக்குப் பிடித்திருக்கிறது, அதுதான் காரணம். வீட்டிலிருந்து எழுதுகிறவனுக்கு இது நல்ல இடம். புத்தகத்துக்கென்று ஒரு அறை இருக்கிறது. மழைக்காலத்து விடியலில், காற்று தோதாக இருந்தால், வண்டலூர் பூங்காவின் சிங்கம் உறுமுவது கேட்கும். மகன் இங்கேதான் மரமேறக் கற்றுக்கொண்டான். ஆனால் கவனியுங்கள், நான் காலையில் ரயில் ஏறுவதை எட்டு வருடத்துக்கு முன்பே விட்டுவிட்டேன். ரயிலேறி வேலைக்குப் போய், வந்து சமைத்து, மகனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தவள் என் மனைவி. அவளிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, 'அந்தப் பொண்ணுக்கு ஏன் மனசு ஒப்பலன்னு எனக்குத் தெரியும்' என்றாள். அட்டவணையில் காலியாக இருக்கும் கட்டங்கள் எல்லாம் யாருடைய நேரத்தால் நிரம்பப் போகின்றன என்று உங்களுக்கு உள்ளூரத் தெரிந்திருக்கிறது என்பது அவள் கட்சி. நான் பயம், பழக்கம் என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன், கிழித்துவிட்டேன்.

என்ன செய்யலாம்? கூடுவாஞ்சேரிதான் என்றால் வாங்காதீர்கள், முதலில் அதே நகரில் பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்குப் போங்கள். மாம்பலத்து வாடகையில் ஏறக்குறைய பாதிதான் ஆகும். ஒரு மழை, ஒரு கோடை, ஒரு பள்ளி ஆண்டு பார்த்துவிடலாம். வீடு எங்கேயும் ஓடிப்போகாது. தரகர் ஓடிப்போகும் என்பார். இல்லையென்றால் அதே 58 லட்சத்துக்குத் தாம்பரத்திலோ அதற்கு முன்பாகவோ பழைய, சின்ன வீடு பாருங்கள். குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் இருபது வருடக் கட்டிடங்கள் விலைக்கு வருகின்றன. பளபளப்பு இருக்காது, கார் நிறுத்துவது கஷ்டம், ஆனால் எல்லா வண்டியும் நிற்கும். உங்கள் பெயருக்கு வரும் நிலப் பங்கு எவ்வளவு என்று மட்டும் பத்திரத்தில் கவனமாகப் பாருங்கள், பழைய கட்டிடத்தில் மதிப்பு அதில்தான். அங்கிருந்து சிறுசேரிக்குப் போக உங்கள் கணவருக்குக் கொஞ்சம் சிரமம் கூடும். அவருடைய கட்டமும் ஒன்று சிவப்பாகட்டுமே.

எதுவானாலும் ஒருமுறை இந்தப் பக்கம் வாருங்கள். மாமனாரையும் அழைத்து வாருங்கள், ஒரு நடை நடந்து பார்த்து அவரே சொல்லட்டும். வேலை நாளாகப் பார்த்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் ரொம்ப அழகாக இருக்கும்.

அன்புடன்.