சேர்ந்து புதிர் போடும்போது பெற்றோர் எப்படி உதவினால் குழந்தையின் இடஞ்சார் திறன் வளரும்?

ஒரு பொருளைத் திருப்பினால் எப்படி இருக்கும், எது எதற்குள் அடங்கும் என்று மனதுக்குள்ளேயே பார்க்க முடிவதுதான் இடஞ்சார் திறன்.

துண்டுகளைப் பொருத்திப் படமாக்கும் ஜிக்சா புதிரில் குழந்தை திணறும்போது துண்டை நாமே எடுத்து வைத்துவிட்டால், மனதில் திருப்பிப் பார்க்கும் வேலையை நாம் செய்துவிடுகிறோம். படம் முடியும், பயிற்சி நடக்காது. அதற்காக வேடிக்கை பார்த்தாலும் சரிவராது. குழந்தை சலித்து எழுந்துவிடும். சைக்கிள் பழக்கும்போது சீட்டைப் பிடித்தபடி ஓடுகிறோமே, அதுபோலத்தான்: சாய்ந்தால் பிடி இறுகும், நேரானால் தளரும். முதலில் "ஓரம் நேரா இருக்கிற துண்டு எது?" என்று கேளுங்கள். அப்புறமும் தெரியவில்லையா, "தலைகீழாத் திருப்பிப் பார்" என்று சொல்லுங்கள். கைவைப்பது கடைசியில்தான்.

சொற்களும் முக்கியம். மேலே, ஓரம், வளைவு, மூலை போன்றவற்றைக் கேட்டுப் பழகிய குழந்தைக்கு எதைக் கவனிப்பது என்று தெரிகிறது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வீடுகளில் படம்பிடித்துப் பார்த்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 2 முதல் 4 வயதுக்குள் புதிர் விளையாடிய குழந்தைகள் நாலரை வயதில் வடிவங்களை மனதில் பொருத்தும் சோதனையில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். இது தொடர்பைத்தான் காட்டுகிறது, புதிர் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

"இதெல்லாம் பிறவியிலேயே வருவது, அதுவும் பையன்களுக்குத்தான்" என்பார்கள். ஆனால் பயிற்சியால் இந்தத் திறன் பெண் குழந்தைகளுக்கும் ஆண் குழந்தைகளுக்கும் கூடுகிறது.