அமெரிக்க ஜனாதிபதியால் ஒரு மாநில ஆட்சியைக் கலைக்க முடியுமா?

முடியாது. கேள்வியின் பின்பாதியில், "முடியாதென்றால் மாநிலங்கள் ஆளுக்கொரு சட்டம் போட்டுக்கொண்டு ஆட்டம் போடாதா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். போடும். அந்த ஆட்டத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டு சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவள் என்ற தகுதியில்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பவராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரோடோ வாக்குவாதம் செய்துவிட்டு ஆதாரம் தேடி வந்திருக்க வேண்டும். எப்படியானாலும், தமிழ்நாட்டில் 1976இலும் 1991இலும் நடந்த ஆட்சிக் கலைப்புகளை மனத்தில் வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. மாநில ஆட்சியைக் கலைக்க வழிசெய்யும் நம் 356ஆவது பிரிவைப் போன்ற ஒன்று அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் கிடையாது. அங்கே ஆளுநர் தலைநகரிலிருந்து அனுப்பி வைக்கப்படுகிறவர் அல்ல. அந்த மாநில மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர், நம் முதலமைச்சர் பார்க்கும் வேலையைப் பார்ப்பவர். அவரை நீக்க வேண்டுமானால் அந்த மாநிலத்துச் சட்டமன்றம் விசாரித்து நீக்க வேண்டும். சில மாநிலங்களில் மக்களே திரும்ப அழைக்கலாம். 2003இல் கலிபோர்னியா மக்கள் ஆளுநர் கிரே டேவிஸை அப்படித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜனாதிபதிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

எவ்வளவு தூரம் இல்லை என்பதற்கு இல்லினாய் மாநிலக் கதை ஒன்று போதும். ஒபாமா ஜனாதிபதித் தேர்தலில் வென்றதும், நாடாளுமன்ற மேலவையான செனட்டில் இல்லினாய்க்காக அவர் வகித்த இடம் காலியானது. அந்த இடத்துக்கு ஆள் நியமிக்கும் உரிமை மாநில ஆளுநருக்கு. அந்த நியமனத்தை விலை பேசினார் என்று சொல்லி 2008 டிசம்பரில் மத்திய அரசின் எஃப்.பி.ஐ. ஆளுநர் பிளகோயவிச்சைக் கைது செய்தது. ஜாமீனில் வந்தவர் நேராகப் பதவியில் உட்கார்ந்தார். அதே மாதத்தில் அதே செனட் இடத்துக்கு ஓர் ஆளையும் நியமித்தார்! கைது செய்ய முடிந்த மத்திய அரசால் நாற்காலியை விட்டு இறக்க முடியவில்லை. 2009 ஜனவரியில் இல்லினாய் மாநிலத்துக்கென்று தனியாக உள்ள செனட்தான் 59க்கு 0 என்று ஓட்டுப் போட்டு நீக்கியது.

இதைவிடப் பெரிய சோதனை 1957இல் அர்க்கன்சா மாநிலத்தில் நடந்தது. லிட்டில் ராக் நகரின் பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்பது மத்திய நீதிமன்றத்தின் உத்தரவு. ஆளுநர் ஃபாபஸ் நேஷனல் கார்ட் என்கிற மாநிலப் படையை வாசலில் நிறுத்தி அவர்களைத் தடுத்தார். ஜனாதிபதி ஐசன்ஹோவர் என்ன செய்தார்? அந்தப் படையையே மத்திய அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார், ராணுவத்தின் 101ஆவது வான்வழிப் படைப்பிரிவிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் வீரர்களை அனுப்பினார், துப்பாக்கிப் பாதுகாப்பில் மாணவர்களை வகுப்புக்கு அழைத்துப் போகச் செய்தார். ஆனால் ஃபாபஸைத் தொடவில்லை, தொடவும் முடியாது. அந்த ஆள் அடுத்தடுத்து தேர்தல்களில் வென்று 1967 வரை ஆளுநராக இருந்தார். மாநில உரிமை என்றாலே உருகுகிறவர்கள் இந்தக் கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

வரலாறு தெரிந்த யாராவது, "1867இல் நீக்கினார்களே" என்று வருவார்கள். ஆமாம், நீக்கினார்கள். உள்நாட்டுப் போரில் தோற்ற தென் மாநிலங்களில் பத்தை ஐந்து ராணுவ மாவட்டங்களாகப் பிரித்தார்கள். டெக்சாஸ் ஆளுநர் த்ரோக்மார்ட்டனை ஜெனரல் ஷெரிடன் பதவியிலிருந்து தூக்கினார். ஆனால் அது ஜனாதிபதியின் அதிகாரத்தால் நடந்ததல்ல. ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் இதற்கு வழிசெய்த சட்டத்தை நிராகரித்து அனுப்பினார். அதையும் மீறி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றியது. பிரிந்துபோய்ப் போரிட்டுத் தோற்ற மாநிலங்களின் கதையைச் சாதாரண நாளின் விதியாகக் காட்ட வேண்டாம்.

சரி, கலைக்க முடியாது. உத்தரவாவது போட முடியுமா என்றால், அதற்கும் வரம்பு இருக்கிறது. 1791இல் சேர்த்த பத்தாவது திருத்தம், மத்திய அரசுக்குக் கொடுக்காத, மாநிலங்களுக்கு மறுக்காத அதிகாரங்களெல்லாம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்கிறது. 1993இல் கைத்துப்பாக்கி வாங்குகிறவர்களின் பின்னணியை உள்ளூர்க் காவல் தலைவர்கள் சரிபார்க்க வேண்டும் என்று காங்கிரஸ் சட்டம் போட்டது. மொன்டானாவிலும் அரிசோனாவிலும் இருந்த ஷெரிஃப்கள் இருவர், "இது எங்கள் வேலை அல்ல" என்று வழக்குக்குப் போனார்கள். 1997இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் நின்றது. மத்திய அரசு தன் சட்டத்தைத் தன் ஆட்களை வைத்து நடத்திக்கொள்ள வேண்டும். மாநில அதிகாரியை வேலை வாங்கக் கூடாது. ஆறாவது பிரிவின்படி மத்திய சட்டம்தான் மேலானது, அதை மாநிலம் தடுக்கக் கூடாது. உதவ வேண்டிய கட்டாயமும் இல்லை. கஞ்சா மத்திய சட்டப்படி குற்றமாகவே இருக்க, 2012இல் கொலராடோ அதை அனுமதித்தது இந்த இடைவெளியில்தான்.

எனவே வாஷிங்டன் பணத்தைக் காட்டுகிறது. மது வாங்கும் வயதை 21 ஆக்காவிட்டால் நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கைப் பிடித்தம் செய்வோம் என்று 1984இல் சொன்னார்கள். தெற்கு டகோட்டா வழக்குப் போட்டு 1987இல் தோற்றது. கடைசியில் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்தன. நிதியை வைத்து மிரட்டுவது நம் ஊரில் மட்டும் நடக்கிற கூத்து என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி என் கதை. கேட்டதற்குப் பதில் முடிந்துவிட்டது என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நான் வழக்கறிஞர் அல்ல, நர்ஸ். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி. டெக்சாஸில் ஒரு மருத்துவமனையில் இரவு ஷிப்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கணவருக்கு வேறொரு மாநிலத்தில் வேலை கிடைத்தது, குடும்பத்தோடு போனோம். எந்த மாநிலம் என்று சொல்லப் போவதில்லை, எனக்கு வம்பு வேண்டாம். அமெரிக்காவில் நர்ஸ் ஆவதற்கான தேர்வு எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றேதான். ஒரே கேள்வித் தொகுப்பு, அதே கணினி. ஆனால் தேர்ச்சி பெற்ற பிறகு உரிமம் கொடுப்பது மாநிலம். 1889இலேயே மேற்கு வர்ஜீனியாவில் ஒரு டாக்டர் போட்ட வழக்கில், மருத்துவத் தொழிலுக்கு யாருக்குத் தகுதி என்று முடிவு செய்வது மாநிலத்தின் அதிகாரம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பின் பேரப்பிள்ளைகளிடம்தான் நான் மாட்டினேன்.

"ஒப்பந்த மாநிலங்கள் இருக்கின்றனவே" என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். இருக்கின்றன. சுமார் நாற்பது மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஒருவர் கொடுத்த நர்ஸ் உரிமத்தை மற்றவர் ஏற்கிறார்கள். டெக்சாஸ் உரிமத்தோடு பக்கத்து அர்க்கன்சாவில் நாளைக்கே வேலைக்குச் சேரலாம். நான் போன மாநிலம் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. எனவே புதிதாக விண்ணப்பம், புதிதாகக் கட்டணம், புதிதாகக் கைரேகை. தற்காலிக உரிமம் கேட்டிருக்கலாமே என்பவர்களுக்கு: கேட்டேன். அதற்கும் கைரேகை அறிக்கை வர வேண்டுமாம்.

கைரேகை எடுக்கும் இடத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பல வருடங்களாக ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை கை கழுவி, கிருமிநாசினி தேய்த்து, கையுறை மாட்டிக் கழற்றிய விரல்கள். இயந்திரத்தின் கண்ணாடியில் வைத்தால் திரையில் ரேகைக்குப் பதில் வெள்ளைத் திட்டுதான் வருகிறது. அங்கிருந்த பெண் என் விரல் நுனிகளில் ஏதோ களிம்பைத் தடவி, ஈரத் துணியால் துடைத்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்து அழுத்தினாள். "நர்ஸா?" என்று அவளே கேட்டாள். கட்டைவிரல் மட்டும் கடைசி வரை ஒத்துழைக்கவில்லை. டெக்சாஸில் உரிமம் வாங்கும்போது கொடுத்த அதே பத்து விரல்கள், எஃப்.பி.ஐ. வரை போய்ச் சரிபார்க்கப்பட்டவை. அது அந்த மாநிலத்துக்குக் கொடுத்தது, இது இந்த மாநிலத்துக்கு.

எனக்கு உறைத்த இடம் வேறு. புது வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் இரண்டு மருத்துவமனைகள். ஒன்று தனியார். மற்றொன்று முன்னாள் ராணுவத்தினருக்காக மத்திய அரசு நடத்துவது. மத்திய அரசு மருத்துவமனையில் எந்த மாநிலத்து நர்ஸ் உரிமம் இருந்தாலும் போதும். டெக்சாஸ் காகிதத்தோடு அங்கே போய் ஊசி போடலாம். சாலையின் எதிர்ப்பக்கத்தில் அதே காகிதத்தோடு அதே ஊசியைப் போட்டால் சட்டப்படி குற்றம். ஒரே ஊருக்குள் இரண்டு அரசாங்கங்கள் எப்படிப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது. சரி, அங்கே விண்ணப்பிக்கலாம் என்றால், அவர்கள் முதலில் குடிமக்களைத்தான் எடுப்பார்கள். என்னிடம் அப்போது கிரீன் கார்டுதான் இருந்தது. மாநிலக் கதவுக்கு உரிமம் இல்லை, மத்தியக் கதவுக்குக் குடியுரிமை இல்லை.

இதற்கிடையில் இன்னொரு கூத்து. இதில் அமெரிக்காவின் மேல் தப்பே இல்லை. புது மாநிலம் என் நர்ஸிங் கல்லூரியிலிருந்து பாட விவரங்களை முத்திரையிட்ட உறையில் நேரடியாக அனுப்பச் சொன்னது. கல்லூரியின் பெயரைச் சொல்லமாட்டேன். என் தம்பி அங்கே நடையாய் நடந்தான். அந்தப் பிரிவைப் பார்ப்பவர் விடுப்பு. வந்தால் சாவி இல்லை. சாவி இருந்தால் முதல்வர் கூட்டத்தில் இருக்கிறார். கடைசியில் உறை வந்து சேர்ந்தபோது அதில் என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து இனிஷியல். பாஸ்போர்ட்டிலும் டெக்சாஸ் உரிமத்திலும் அப்பாவின் முழுப்பெயர் கடைசிப் பெயராக இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு பிரமாணப் பத்திரம். உலகம் முழுக்க வேலைக்குப் போகும் பெண்களைத் தயார் செய்து அனுப்புகிற ஒரு மாவட்டத்தில், வெளிநாட்டுக்குச் சான்றிதழ் அனுப்புவதை இன்னும் ஏதோ தர்மம் செய்வதுபோல் செய்கிறார்கள். கட்டணம் வாங்காமலா செய்கிறார்கள்? கேட்டால், "வெளிநாட்டில் சம்பாதிக்கிறீர்கள், கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?" என்று பேச்சு. நான் அப்போது ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காமல் இருந்தேன்.

இவ்வளவு பட்ட பிறகு நர்ஸ் உரிமத்தை மத்திய அரசே கொடுக்கட்டும் என்பேனா? அந்தச் சமயத்தில் கேட்டிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன். இப்போது யோசிக்கிறேன். கலிபோர்னியாவில் 1999இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, 2004இலிருந்து ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று வரம்பு வைத்தார்கள். சாதாரண வார்டுகளில் ஐந்து பேருக்கு மேல் கூடாது. அங்கே வேலை பார்க்கும் என் தோழி ஷிப்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்! நாடு முழுமைக்கும் இப்படி ஒரு சட்டத்தை வாஷிங்டன் இன்றுவரை நிறைவேற்றவில்லை. எல்லாம் வாஷிங்டன் கையில் இருந்திருந்தால் அவளுக்கும் அந்தச் சாப்பாடு கிடைத்திருக்காது. அமெரிக்காவுக்கு வால் பிடிக்கிறேன் என்று யாராவது கிளம்பினால், மேலே ஃபாபஸைப் பற்றி எழுதியதை மறுபடி படியுங்கள்.

பிற்பாடு குடியுரிமைத் தேர்வுக்குப் படித்தபோது, "மாநிலங்களுக்கு உள்ள அதிகாரங்களில் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று ஒரு கேள்வி இருந்தது. அச்சிட்டுக் கொடுத்த விடைகள்: பள்ளிக் கல்வி, காவல், தீயணைப்பு, ஓட்டுநர் உரிமம், நிலப் பயன்பாட்டு அனுமதி. நர்ஸ் உரிமம் அந்தப் பட்டியலில் இல்லை. நேர்காணலில் அந்தக் கேள்வி வந்தது. ஓட்டுநர் உரிமம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த அதிகாரியிடம் என் கதையைத் தொடங்கியிருந்தால் அன்றைக்குள் முடிந்திருக்காது.

இதைப் படிக்கும் நர்ஸ்கள் யாராவது மாநிலம் மாறப் போகிறீர்கள் என்றால், போகும் மாநிலம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வீடு பார்ப்பதற்கு முன்பே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள், கல்லூரிக்கு ஆள் அனுப்புவதை அதற்கும் முன்பே தொடங்குங்கள். கைரேகைக்குப் போவதற்கு முன் சில நாட்கள் விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.