இடதுகைக்காரருக்கு டபுள் பேஸ்: கம்பியைத் திருப்பி மாட்டினால் போதுமா?

கேள்வி கேட்டவர் பல வருடமாக இடதுகையில் பேஸ் கிட்டார் வாசிக்கிறார். வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டை. வயலின் குடும்பத்தின் பெரிய அண்ணனான ஆளுயர டபுள் பேஸ் ஒன்றை வாங்கி, கம்பிகளை மட்டும் இடவலமாகத் திருப்பி மாட்டினால் போதாதா என்கிறார். நானும் அப்படித்தான் நினைத்து வாங்கினேன். அதற்கு மேலும் ஏதோ இருக்கிறது என்று எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தவர் கடலூர் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் நின்ற போலீஸ்காரர்.

ஆரோவில் பக்கம் ஒருவர் சொந்த ஊருக்கே திரும்பிப் போகிறார் என்று கேள்விப்பட்டு, அவரிடமிருந்து 85,000 ரூபாய்க்கு வாங்கினேன். ப்ளை மரம், முக்கால் அளவு. முக்கால் என்றதும் சின்னப் பிள்ளைகளுக்கானது என்று நினைக்க வேண்டாம். பெரியவர்கள் வாசிப்பது பெரும்பாலும் அதுதான். கம்பியின் நீளமே 105 சென்டிமீட்டர் வரும். கடலூரில் ஒருவர் வயலின், கிட்டார் எல்லாம் பழுது பார்ப்பார் என்று சொன்னார்கள். குட்டி யானை ஒன்றைப் பிடித்து, பழைய பாய் மெத்தை சுற்றி, பேஸைப் படுக்கவைத்துக் கொண்டுபோனேன். பாண்டியிலிருந்து கடலூருக்குள் நுழையும் வண்டியில் இவ்வளவு பெரிய மரப்பெட்டி போனால் என்ன நினைப்பார்கள்?

“உள்ள எத்தனை பாட்டில் தம்பி?”

வாத்தியம் சார் என்றேன். அவர் நம்பவில்லை. எஃப் வடிவத் துளைக்குள் டார்ச் அடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பாட்டில் இல்லை. “ஆனா உள்ள ஒரு கட்டை கழண்டு நிக்குதுப்பா, போய்ச் சரிபண்ணு” என்று அக்கறையாகச் சொல்லி அனுப்பினார்.

அது கழண்ட கட்டை இல்லை. அதன் பெயர் சவுண்ட் போஸ்ட். கட்டைவிரல் தடிமனில் ஒரு ஸ்ப்ரூஸ் மரக் குச்சி, மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில் நிற்கும். பசை கிடையாது, ஆணி கிடையாது. கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. பிரெஞ்சில் இதை ‘ஆம்’ என்பார்கள், உயிர் என்று பொருள். பேஸில் தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி என்று நான்கு கம்பிகள்; அவற்றைத் தூக்கிப் பிடித்துப் பலகைமேல் இரண்டு காலில் நிற்கும் கட்டை பிரிட்ஜ். பிரிட்ஜின் ஜி கம்பிப் பக்கக் காலுக்குச் சற்றுப் பின்னால் இந்தக் குச்சி. ஈ கம்பிப் பக்கக் காலுக்குக் கீழே, மேல்பலகையின் உட்புறத்தில், நீளவாக்கில் ஒட்டிய ஒரு சட்டம். அது பேஸ் பார். குச்சிப் பக்கக் கால் கிட்டத்தட்ட அசையாமல் நிற்க, சட்டத்தின் மேலிருக்கும் கால் மேலும் கீழும் ஆடிப் பலகையை அசைக்கிறது. ஈ கம்பி வினாடிக்கு 41 முறைதான் அதிரும். அந்தக் கனத்த நாதத்தைப் பலகை முழுக்கப் பரப்புவது அந்தச் சட்டம். அதாவது, வெளியே பார்க்க இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பெட்டி உள்ளுக்குள் வலதுகைக்காரருடையது.

மிருதங்கத்தில் இந்தத் தொல்லை கிடையாது. தஞ்சாவூர் உபேந்திரன் இடதுகைக்காரர். மிருதங்கத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பாடகருக்கு மறுபக்கம் உட்கார்ந்தால் தீர்ந்தது. வயலின் குடும்பத்தில் அது நடக்காது. சார்லி சாப்ளின் இடதுகையில் வயலின் வாசித்தவர். சட்டத்தையும் குச்சியையும் இடம் மாற்றிய வயலின் என்று தன் வரலாற்றில் மறக்காமல் குறிப்பிட்டிருக்கிறார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். பழுது பார்த்தவர் கம்பிகளைத் திருப்பி மாட்டினார். ஜி கம்பி இந்தப் பக்கம் வந்துவிட்டதே, குச்சியும் கூட வரவேண்டாமா என்று அதையும் நகர்த்திவிட்டார். சட்டம் ஏற்கெனவே இருக்கும் பக்கம் அது. ஆக ஒரு காலுக்குக் கீழே குச்சி, சட்டம் இரண்டும். இன்னொரு காலுக்குக் கீழே வெறும் காற்று. நான்கு கம்பிகளும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் இழுக்கும். முதல் மூன்று வாரம் எனக்கு ஒரே சந்தோஷம்: ஈ கம்பி நாளுக்கு நாள் தாழ்ந்து, அழுத்தச் சுலபமாகிக்கொண்டே வந்தது. ஒருநாள் துடைக்கும்போது பலகையில் கை பள்ளத்தில் இறங்கியது. ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்த்தால், பலகை அந்தக் காலடியில் அப்படியே அமுங்கியிருந்தது. அன்றைக்கே எல்லாக் கம்பியையும் தளர்த்தினேன்.

ஆகவே உங்களுக்கு இரண்டே வழி. ஒன்று, உள்ளே எதையும் தொடாமல் கம்பி, நட் (கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காரும் காடிக்கட்டை), பிரிட்ஜ் மூன்றை மட்டும் மாற்றுவது. ஈ கொஞ்சம் மெலிந்து, ஜி கொஞ்சம் மந்தமாகக் கேட்கும். பிக்கப் (அதிர்வைப் பிடித்து அனுப்பும் கருவி) வைத்து ஆம்ப்ளிஃபயரில் வாசிப்பதென்றால் கேட்கிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. இரண்டு, மேல்பலகையைத் திறந்து, பழைய சட்டத்தை எடுத்துவிட்டு மறுபக்கம் புதிதாக ஒட்டி, குச்சியையும் மாற்றுவது. நான் சென்னையில் ஒருவரிடம் இதைச் செய்துகொண்டேன், நான்கு மாதம் ஆனது. தோல் பசை (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுப்பது) போட்டு ஒட்டியிருந்தால் மெல்லிய கத்தியைச் செருகித் திறக்கலாம். மலிவு ப்ளை பேஸ்களில் தொழிற்சாலைப் பசை என்றால் விளிம்பு பிய்ந்துகொண்டு வரும். வாங்குமுன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நட்டை மாற்றாமல் தப்ப முடியாது. ஜி கம்பியின் காடியில் ஈ கம்பி இறங்காது. பிரிட்ஜும் ஈ பக்கம் உயரமாகச் செதுக்கியது என்பதால் புதிது வேண்டும். இப்போது என் பேஸில் ஃபிங்கர்போர்டு (கம்பியை விரலால் அழுத்தும் பலகை) முடியும் இடத்தில் ஜி 6 மில்லிமீட்டர், ஈ 9 மில்லிமீட்டர் உயரம்; விரலால் மீட்ட எனக்கு இது சரி. சில பேஸ்களில் ஈ கம்பிக்குக் கீழே ஃபிங்கர்போர்டைத் தட்டையாகச் சீவியிருப்பார்கள். அதைத் திருப்பினால் ஜி கம்பி அந்தத் தட்டையின் மேல் வந்து மாட்டிக்கொள்ளும், அந்த மாதிரி பேஸை வாங்காமல் விட்டுவிடுங்கள். கம்பி மாற்றும்போது நான்கையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள், குச்சி விழுந்துவிடும். முதலில் ஈயையும் ஜியையும் மாற்றிச் சுருதிக்கு இழுத்துவிட்டு, அப்புறம் ஏ, டி. இழுக்க இழுக்க பிரிட்ஜ் ஃபிங்கர்போர்டு பக்கம் சாயும், அவ்வப்போது நிமிர்த்துங்கள். வில்லுக்கு இடம் வலம் என்று பெரிதாக எதுவும் இல்லை, இருப்பதே போதும்.

இதற்கு மேலும் ஒரு யோசனை. நீங்கள் புதிதாக ஆரம்பிப்பவராக இருந்தால், பேசாமல் வலதுகையிலேயே கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். பேஸில் இரண்டு கைக்குமே கடும் வேலை. கழுத்தில் அழுத்துகிற கை கெட்டிக்காரக் கையாக இருப்பது லாபம்தான். எந்த ஊருக்குப் போனாலும் இரவல் பேஸ் கிடைக்கும். ஆர்கெஸ்ட்ராவில் உட்கார நினைத்தால், வரிசையில் எல்லா வில்லும் ஒருபக்கம் போக உங்களுடையது மட்டும் எதிர்ப்பக்கம் போகும், யாரும் விரும்ப மாட்டார்கள். சின்ன வயதில் எங்கள் ஆயா “சோத்தாங்கையால எடுடா” என்று மணிக்கட்டில் தட்டியதில் சாப்பாடு மட்டும் வலதுகைக்குப் போனது, மீட்டல் போகவில்லை. இத்தனை வருடப் பழக்கம் உள்ள உங்களுக்கும் போகாது.

நம் ஊர்க் கடல்காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டீல் கம்பியை வாசித்ததும் துடைக்காவிட்டால் துரு ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தோல் பசை இளகும். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் கரை கடந்த இரவு வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். பேஸைப் பக்கவாட்டில் படுக்கவைத்துக் கட்டிலைக் கொடுத்துவிட்டு, நான் விடியும்வரை நாற்காலியில் இருந்தேன். நனையவில்லை. ஆனாலும் ஒரு மாதத்தில் ஏ வாசித்தால் எங்கோ ‘ஜ்ர்ர்’ என்று இரைந்தது. பண்ருட்டியில் பலாப்பழம் தட்டிப் பார்ப்பதுபோல் விளிம்பு நெடுக விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போனேன். கீழே ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் ‘டொக்’ என்று பொய்ச் சத்தம்: ஒட்டு விட்டிருந்தது. திறந்த ஒட்டைத் திரும்ப ஒட்டுவது சின்ன வேலை, பயப்பட வேண்டாம்.

‘இடதுகை பேஸ்’ என்றே சொல்லி விற்பவர்களும் உண்டு. வெளிநாட்டுக் கடைகளில் உண்மையிலேயே அப்படிச் செய்தவை கிடைக்கும்; அந்த அளவுப் பெட்டிக்கு கப்பல் கூலி, சுங்க வரி எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள். பழையதைப் பார்க்கப் போனால் டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் கையில் இருக்கட்டும். துளைக்குள் கண்ணாடியை விட்டு மேல்பலகையின் அடியைப் பாருங்கள். சட்டம் ஈ கம்பிப் பக்கம் இருந்தால் நிஜ இடதுகை பேஸ். ஜி பக்கம் இருந்தால் கம்பியை மட்டும் திருப்பியது, விலையைக் குறைத்துக் கேளுங்கள். சட்டமும் குச்சியும் ஒரே பக்கம் இருந்தால் வண்டியைத் திருப்பிவிடுங்கள்.