காட்பாடி வீட்டு நிலநடுக்கப் பதிவுக்கருவி: இணையம் அறுந்தால் தரவு போய்விடுமா?

அனுப்பும் முறையைப் பொறுத்தது. நீங்கள் இப்போது வைத்திருக்கும் யூடிபி என்ற இணைய அனுப்புமுறை, தரவு போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காது, விட்டது விட்டதுதான். நிலநடுக்கத் தரவை அனுப்புவதற்கென்றே உள்ள சீட்லிங்க், போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்யும் டிசிபி முறையில், வழக்கமாக 18000 போர்ட்டில் ஓடும். இணைப்பு திரும்பியதும், அனுப்பும் சர்வரின் பஃபரில் (தற்காலிகச் சேமிப்பில்) இருக்கும்வரை விட்ட இடத்திலிருந்து கேட்டு வாங்கலாம். அதற்கே மாறுங்கள்.

எதுவானாலும் கருவியிலேயே மினிசீட் (நிலநடுக்கத் தரவுக்கான வடிவம்) கோப்பாகச் சேமிப்பதை நிறுத்தாதீர்கள். நொடிக்கு 100 சாம்பிள், 4 பைட் என்றால் ஒரு சேனலுக்குச் சுருக்காமலேயே நாளுக்குச் சுமார் 35 எம்பிதான். மின்வெட்டுக்கு ஒரு சின்ன யுபிஎஸ். கோடையில் அது இல்லாமல் காலம் தள்ளுவது கஷ்டம்.

அப்புறம் நேரம். கருவியை யூடிசியிலேயே (உலகப் பொது நேரம்) விடுங்கள், அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே இருக்கும் ஐஎஸ்டிக்கு (இந்திய நேரம்) மாற்ற வேண்டாம். 2021 நவம்பர் 29 அதிகாலை 4.17க்கு வேலூர்ப் பக்கம் வந்த 3.6 ரிக்டர் அதிர்வைத் தேடினால், நவம்பர் 28 கோப்பில்தான் இருக்கும்.