கந்தளாய்க் குளத்தில் மூழ்கி எழும் சிறு பறவை வாத்தா?

கந்தளாய்க் குளத்தில் நீங்கள் கண்ட, சட்டென மூழ்கி வேறோரிடத்தில் எழும் அந்தச் சிறு பறவை வாத்து அன்று, அது முக்குளிப்பான். மரபணு ஆய்வுகள் அதன் மிக நெருங்கிய உறவாகக் காட்டுவது பூநாரையை என்பது இன்றும் எனக்கு வியப்பளிக்கிறது. ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமுள்ள இப்பறவைக்குக் கால்கள் உடலின் பின்கோடியில் அமைந்திருப்பதாலும், விரல்கள் வாத்துக்குரியவை போலச் சவ்வால் இணையாமல் தனித்தனி மடல்களாக விரிவதாலும், நீருக்கடியில் விரைந்து சென்று சிறுமீன்களையும் நீர்ப்பூச்சிகளையும் பிடிக்கிறது, தரையிலோ தடுமாறும். நீர்ச்செடிகளால் மிதக்கும் கூடு கட்டி, அதை விட்டு நீங்கும்போது அழுகிய இலைகளை இழுத்து முட்டைகளை மூடிவிடுவதால், வெண்மையாக இடப்பட்டவை நாளடைவில் பழுப்பேறிவிடுகின்றன. குஞ்சுகள் பெற்றோரின் முதுகில் ஏறிச் செல்லும். கூட்டைக் கண்டால் தோணியை விலக்கிச் செலுத்துங்கள். பறவை பதறி விலகினால், மூடப்படாத முட்டைகள் காகங்களுக்கு இரையாகலாம்.