ஆரக்கிளா, போஸ்ட்கிரெஸா: எந்தப் பட்டியலை நம்புவது?

ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் இரண்டும் டேட்டாபேஸ்கள், அதாவது தகவல்களைச் சேமித்து நிர்வகிக்கும் மென்பொருள்கள். டேட்டாபேஸ்களை வரிசைப்படுத்தும் டிபி-எஞ்சின்ஸ் பட்டியலில் ஆரக்கிள் முதலிடம், டெவலப்பர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நடத்தும் கணக்கெடுப்பில் போஸ்ட்கிரெஸ் முதலிடம், எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சரிதான். அளக்கிற விஷயம்தான் வேறு.

ஆஸ்திரியாவில் தொடங்கிய டிபி-எஞ்சின்ஸ் மாதாமாதம் வருகிறது. எந்த டேட்டாபேஸ் எத்தனை சர்வர்களில் ஓடுகிறது என்று அது எண்ணுவதே இல்லை. தேடுபொறி முடிவுகளில் பெயர் எவ்வளவு அடிபடுகிறது, கூகுள் டிரெண்ட்ஸ் என்ன சொல்கிறது, வேலை விளம்பரங்கள் எத்தனை, லிங்க்ட்இன் ப்ரொஃபைல்களில் எத்தனை பேர் குறிப்பிட்டிருக்கிறார்கள், கேள்வி-பதில் தளங்களில் எவ்வளவு பேச்சு என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். பத்து வருடம் முன்பு ஆரக்கிளில் வேலை பார்த்துவிட்டு, ப்ரொஃபைலில் அதை அப்படியே விட்டுவைத்தவரும் இதில் ஓர் ஓட்டுதான். படுத்தி எடுக்கிற மென்பொருளுக்குக் கேள்விகள் குவியும். அதுவும் மதிப்பெண்ணை ஏற்றிவிடும்!

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கணக்கெடுப்பில் எதைப் பயன்படுத்துகிறோம் என்று டெவலப்பர்களே பதில் சொல்கிறார்கள். 2023-இல் போஸ்ட்கிரெஸ் அங்கே இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லை முந்தியது. ஆனால் வங்கியில் ஆரக்கிளைக் கட்டி மேய்க்கும் டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) இந்தக் கணக்கெடுப்பில் வந்து உட்காருவது அபூர்வம் என்பது என் கணிப்பு.

செயலிகளுக்குள்ளேயே அடங்கிவிடும் குட்டி டேட்டாபேஸான எஸ்கியூலைட் கதை இன்னும் வேடிக்கை. ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும், குரோம், ஃபயர்பாக்ஸிலும் அது இருக்கிறது. அதற்கென்று தனி நிர்வாகி வேண்டாம், வேலை விளம்பரமும் அரிது. அதனால் டிபி-எஞ்சின்ஸில் முதல் சில இடங்களில்கூட அது இல்லை.

வேலைக்காகப் படிக்கிறீர்கள் என்றால் உங்கள் ஊர் வேலை விளம்பரங்களை எண்ணுங்கள். புது ப்ராஜெக்டுக்கு என்றால் ஏதோ ஒரு மாதப் பட்டியலில் எது எந்த இடம் என்பதை விட்டுவிட்டு, நாலைந்து வருடப் போக்கைப் பாருங்கள்.